என் கால் எத்தனை சதவீதம்?

தாராவி 90 அடி சாலையோரம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. 1990களில் இதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்தினேன். ஊனமுற்றோருக்கு அந்த நாளில் அரசு கொஞ்சம் தாராளமாகத் தந்தது தொலைபேசி பூத்தைத்தான். கால் சூம்பியவர்களும் பார்வையற்றவர்களுமாக மும்பையில் பலர் அந்த மஞ்சள் பலகையின் கீழே உட்கார்ந்து குடும்பம் நடத்தினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். செல்போன் வந்தது, பூத் போனது. நான் மிஷினை மாற்றிக்கொண்டேன்.

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. ஊரார் காகிதமெல்லாம் அவன் கை வழியாகத்தான் போகின்றன. யாருக்கு என்ன பயம் என்பது அவர்கள் கேட்கும் பிரதிகளின் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். ஒரு பிரதி போதும் என்கிறவர் நிம்மதியாக இருக்கிறார். ஐந்து கேட்கிறவர் பயந்து போயிருக்கிறார். 2025 செப்டம்பரிலிருந்து ஊனச் சான்றிதழைப் பிரதி எடுக்க வந்த அநேகமாக எல்லோருமே ஐந்து கேட்டார்கள். இத்தனைக்கும் அந்த மாதம் வந்தது நல்ல செய்தி.

சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்திலும் ஷ்ராவண்பாள் திட்டத்திலும் உதவி பெறும் ஊனமுற்றோருக்கு மாதம் 1,500 ரூபாயை 2,500 ஆக உயர்த்த மகாராஷ்டிர அமைச்சரவை முடிவு செய்தது. மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 2012 முதல் 300 ரூபாயிலேயே நிற்கிறது. அதற்கும் ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் 2,500 பெரிய தொகைதான். செய்தி வந்த அன்று எங்கள் சந்தில் யாராவது மிட்டாய் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு கேள்வி. மூளை முடக்குவாதம் உள்ள முப்பது வயது மகனை வைத்துக் காப்பாற்றும் திருநெல்வேலிக்கார அம்மாள் ஒருவர் கேட்டார்: “அண்ணாச்சி, துட்டைக் கூட்டுதாங்கன்னா ஆளைக் குறைக்கப் போறாங்கன்னுதானே அர்த்தம்?”

அவருக்கு ஆந்திராவில் நடந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அங்கே நடந்தது ஏறக்குறைய அதுதான். 2024 ஜூலையில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆனது. 2025 தொடக்கத்தில் சான்றிதழ்களை மறுபரிசோதனை செய்யத் தொடங்கினார்கள். அந்த ஆகஸ்டில் பலருக்கு நோட்டீஸ் போனது: உங்கள் ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே, ஆகவே தகுதி இல்லை. தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான், மேல்முறையீடு செய்தவர்களுக்குப் பணம் தொடரும் என்று அரசு இறங்கி வந்தது.

மகாராஷ்டிரத்தில் இந்தப் பயத்துக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. 2024-இல் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி பூஜா கேட்கர், ஊனமுற்றோர் ஒதுக்கீட்டையும் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டையும் தவறாகப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார், தேர்வாணையம் அவருடைய தேர்வை ரத்து செய்தது. டி.வி.யில் அந்த நாட்களில் சந்தேகப்படப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. மின்சார ரயிலில் எங்களுக்கென்று உள்ள பெட்டியில் ஏறினால், இரு கால்களும் நன்றாக உள்ள ஒருவர் என் காலிப்பரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். நான் அவரையல்லவா பார்க்க வேண்டும்?

போலிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. இல்லை என்று சொன்னால் நானே சிரிப்பேன். அதை வாங்கித் தரும் ஏஜென்ட்டுகளையும் எனக்குத் தெரியும், அவர்களும் பிரதி எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார்கள். ஆனால் போலியைப் பிடிக்கப் போடும் வரிசையில் போலி ஆள் நிற்பதில்லை. அவனிடம் பணமும் ஆளும் இருக்கின்றன. வெயிலில் நிற்பவர் நடக்க முடியாதவர்.

அரசு ஊழியர்களின் ஊனச் சான்றிதழ்களைச் சரிபார்க்க 2025-இல் மாநில அரசு உத்தரவிட்டது. செம்பூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பார்வைக் குறைவு. அவருடைய சான்றிதழ் 1990களில் கையால் எழுதியது. எழுதிய டாக்டர் காலமாகிவிட்டார். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள்தான் பாக்கி. “இத்தனை வருஷம் நான் கண் தெரியாத மாதிரி நடித்தேன் என்றா நினைக்கிறார்கள்?” என்று தொலைபேசியில் கேட்டார். பிறகு அவரே, “பரிசோதனைக்குப் போகிற அன்று சற்று நன்றாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது?” என்றார். கேலியாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

இந்த 40 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1995 சட்டத்திலும் அதுதான் கோடு, 2016 சட்டத்திலும் அதுதான். 7 வகையாக இருந்த ஊனம் புதிய சட்டத்தில் 21 வகை ஆனது; கோடு மாறவில்லை. மாறியது அளவுகோல். மதிப்பிடும் விதிமுறைகளை 2018 ஜனவரியில் புதிதாக வெளியிட்டார்கள், 2024 மார்ச்சில் மறுபடி. அதே கால், அதே டாக்டர் என்றாலும் அதே எண் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2021 ஜூன் முதல் சான்றிதழ் கணினி வழியாக மட்டுமே. 2024 அக்டோபரில் வந்த விதித் திருத்தத்தின்படி அட்டைக்கு நிறமும் வந்துவிட்டது: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80 வரை மஞ்சள், அதற்கு மேல் நீலம். அதே திருத்தத்தில், சான்றிதழ் தர டாக்டர்களுக்கு இருந்த ஒரு மாதக் கெடு மூன்று மாதமானது. இரண்டு ஆண்டுகளாகியும் அவர்கள் முடிவு செய்யாவிட்டால் விண்ணப்பம் காலாவதி. நாம்தான் மறுபடி போட வேண்டும். யாருடைய தாமதத்துக்கு யார் தண்டனை பெறுகிறார்கள் பாருங்கள்.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். ரேஷன் கார்டில் ‘எஸ். முருகன்’. ஆதாரில் ‘முருகன் சுடலைமுத்து’. ஆஸ்பத்திரியில் அப்பா பெயரை முன்னால் போட்டு ‘சுடலைமுத்து முருகன்’. மராட்டிக் குமாஸ்தா, குலப்பெயர் இல்லாமல் மனிதன் எப்படி இருக்க முடியும் என்று யோசித்து, ‘முருகன் சுடலைமுத்து நாடார்’ என்று எழுதிவிட்டார். கம்ப்யூட்டருக்கு இவர்கள் நான்கு பேர். 2024 கடைசியில் உதவித்தொகையை ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்ப ஆரம்பித்தபோது, இந்த நான்கு பேரையும் ஒருவராக்கும் வேலை என் கடையில் பல வாரங்கள் நடந்தது. அஃபிடவிட், கெஜட், மறுபடி அஃபிடவிட். இது போதாதென்று ஆண்டுதோறும் உயிரோடு இருக்கிறேன் என்று ‘ஹயாதீச்சா தாக்லா’, வருமானச் சான்று, 15 ஆண்டுகள் மகாராஷ்டிரத்தில் வசித்ததற்கு ஆதாரம். அந்த வசிப்பிட ஆதாரத்தைத்தான் தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பிலும் கேட்டார்கள். அங்கே 2000 ஜனவரி 1-க்கு முன்பு என்று வேறு கெடு. ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வீடும் இருக்கிறது, ஓய்வூதியமும் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் சந்தில் தண்ணீர் ஏறும்போது முதலில் பரண் ஏறுவது அந்த உறைதான்.

விரல் ரேகை இன்னொரு கதை. மாட்டுங்காவில் 1890-இல் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய விடுதிதான் வடாலாவில் உள்ள இன்றைய ஆக்வர்த் மருத்துவமனை. நோய் குணமான முதியவர் ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து என் கடைக்கு வருவார். இரு கைகளிலும் விரல்கள் பாதிதான். ரேகை பார்க்கும் கருவியில் எதை வைப்பார்? ஒரு வங்கிக் கிளையில், ‘வேறு விரலை வையுங்கள்’ என்று நான்கு முறை சொன்னார்களாம். 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கு அது. கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னால் சிமிட்ட முடியாதவர்கள். கணினிச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று கூறி, நீதிபதிகள் 20 கட்டளைகள் பிறப்பித்தார்கள். தீர்ப்பு வந்த செய்தியைப் பிரதி எடுத்து அந்தப் பெரியவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். வங்கியில் அதைக் காட்டினாரா என்று கேட்டேன். “காட்டுனேன் தம்பி. படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

ஏழை நாட்டுத் தொல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் 2025 மார்ச்சில், ஊனமுற்றோர் உதவித்தொகைக்கான தகுதியைக் கடுமையாக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிரமம் என அங்கே மதிப்பெண் போடுகிறார்கள். ஏதாவது ஒன்றிலாவது 4 மதிப்பெண் பெற வேண்டும் என்றது புதிய யோசனை. ஆளுங்கட்சி எம்.பி.க்களே எதிர்த்ததால், ஜூலை 1-ஆம் தேதி வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு அந்தப் பிரிவைக் கைவிட்டார்கள். எங்களுக்காக அப்படிச் சபையில் எழுந்து நின்றவர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். 2022 டிசம்பரில் ஊனமுற்றோர் நலனுக்கெனத் தனித் துறை அமைத்த முதல் மாநிலம் மகாராஷ்டிரம் என்று பெருமை சொல்கிறார்கள். ஊனமுற்றோர் என்ற பெயரே ‘திவ்யாங்’ என்றும், தமிழ்நாட்டில் ‘மாற்றுத் திறனாளி’ என்றும் உயர்ந்துவிட்டது. பெயரை மாற்றும்போது மட்டும் யாரும் சதவீதம் கேட்கவில்லை.

எனக்கு ஓய்வூதியம் கிடையாது. நிராதார் திட்டத்துக்கு வெகுகாலம் இருந்த குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 21,000 ரூபாய்; ஜெராக்ஸ் கடை அதைத் தாண்டிவிடும். ரயில் சலுகையும் இந்தக் கடைக்கான உரிமமும்தான் சான்றிதழால் எனக்குக் கிடைத்தவை. அதில் ‘போலியோ, இடது கால், நிரந்தரம், 50 சதவீதம்’ என்று இருக்கிறது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். எங்களைப் போன்றவர்களைப் பார்த்துப் பழகிய டாக்டர்களும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இளம் டாக்டர் அளந்து 38 என்று எழுதினால், வெள்ளை அட்டையோடு நான் எந்த வேலைக்குப் போவது? நிரந்தரம் என்று ஒருமுறை எழுதிய பிறகு மறுபடி அளக்க வேண்டுமென்றால், சந்தேகத்துக்கு என்ன காரணம் என்பதை முதலில் எழுதித் தரட்டும். ஆஸ்பத்திரிக்கு அழைப்பதைவிட ஒரு டாக்டரைத் தாராவிக்கு அனுப்பட்டும். முடிவு வரும்வரை யாருக்கும் பணத்தை நிறுத்த வேண்டாம்.

அந்தத் திருநெல்வேலி அம்மாள் போன வாரம் மகனின் சான்றிதழோடு மறுபடி வந்தார். இந்தத் தடவை ஏழு பிரதிகள். கூடுதல் தொகை வந்து சேர்ந்ததா என்று கேட்டேன். “வந்துச்சு அண்ணாச்சி. எடுக்கல. திருப்பிக் கேட்டா எங்கே போறது?”