சம்பா கோதுமைப் பால்

திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதன் உயிர் சம்பா கோதுமையில் இருக்கிறது. ஊறவைத்து, ஆட்டி, பிழிந்தெடுத்த பாலைப் புளிக்கவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்துவிட்டு, சர்க்கரைப் பாகில் விட்டுக் கிண்டுவார்கள். ஊற்ற ஊற்ற நெய்யைக் குடித்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் குடித்த நெய்யை ஓரத்தில் கக்க ஆரம்பிக்கும். அதுதான் பதம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, இருட்டுக்கடையில் சாயங்கால வரிசையில் நின்று அப்பா வாங்கித் தருவார். விரலிடுக்கில் நெய் வழியும். "ஊதித் தின்னுலே, நாக்கு வெந்துரும்" என்பார். மெல்ல வேண்டியதே இல்லை, தானாகத் தொண்டையில் இறங்கும்.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம். வடக்கே இது அதிகம், நம் பக்கம் குறைவு. குறைவு என்பதாலேயே இங்கே பலர் ரத்தசோகைக்கும் வயிற்றுப்போக்குக்கும் தனித்தனியாக மருந்து சாப்பிட்டு அலைந்த பிறகுதான் நோயின் பெயர் தெரியவருகிறது.

சோறும் இட்லியும் சாப்பிடுகிற ஊரில் இதில் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், வடை, ஊறுகாய் என்று அது விழாத பண்டம் குறைவு. போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறியவரிடம் கேட்டுவிட்டுத்தான் ரசம் வாங்கினேன். "வெறும் புளியும் மிளகும்தான் அண்ணாச்சி, மாவெல்லாம் கிடையாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெருங்காயத்துக்குள் கோதுமை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ராத்திரிக்குள் வயிறு உப்பிப் புரட்ட ஆரம்பித்தது. அப்புறம் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், எழுந்து நிற்கவிடாத அசதி. உள்ளே போனதை முறிக்க மாத்திரை எதுவும் இல்லை, காத்துக் கிடக்க வேண்டியதுதான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இளநீர், குழைய வெந்த சோறு. பாலை நிறுத்திவிடுவேன். குடல் புண்பட்டிருக்கும்போது பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோகும். வலி அடங்கிய பிறகும் குடல் ஆறுவதற்கு நாள் பிடிக்கும்.

உடம்பு நன்றாக இருக்கும் நாளில் அல்வா நினைப்பு அவ்வளவாக வருவதில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும்போதுதான் அந்த நெய் வாசம் மூக்குக்குள் வந்து நிற்கும். எது நோவு கொடுத்ததோ அதன்மேலேயே ஆசை. கூடவே பரோட்டாக் கடையும் வரும். மாஸ்டர் விசிறும்போது மாவு கிழியாமல் துணி மாதிரி விரியுமே, அந்த இழுவையைக் கொடுப்பதே குளூட்டன்தான்.

மதினி எனக்காகச் சோளமாவில் அல்வா கிண்டித் தந்தார்கள். முந்திரி நிறையப் போட்டு, பிரியமாகச் செய்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். ஆனால் அது பல்லில் துள்ளியது, தொண்டையில் வழுக்கவில்லை.

நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைமேல் அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அதில் வலுத்தது. ஊரே பசித்துக் கிடந்த நேரத்தில் தேறிய அந்தப் பிள்ளைகளும் ரொட்டிக்கு ஏங்கித்தான் இருந்திருப்பார்கள். அவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அல்வாவை விட்டாயிற்று. அதை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது. பந்தி ரசத்தையாவது தரலாம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் இப்போது கிடைக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் சீட்டு எழுதும்போது தயவுசெய்து அதையே எழுதுங்கள்.