தண்ணீர்ப் பந்தல்

டிசம்பர் 8

முட்டுக்காட்டுக் கழியில் இன்றும் அதே கதைதான். வலை கட்டும் மூங்கில் முளையின் உச்சியில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. அறுபதடி தள்ளி நான், கயாக்கில். துடுப்பை ஒரு வலி வலித்ததும் திட்டிவிட்டுப் பறந்தே போய்விட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் கொக்குகள் கூலிக்கு வந்த ஆட்கள் மாதிரி நின்றன. எரிச்சலாக இருந்தது.

அவர் கொக்குகளைப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன், அதுவும் 600 எம்எம் லென்ஸ் என்ற ராட்சசக் கண்ணோடு நேர்கோட்டில் போய்க்கொண்டே. இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பு தலைக்கு மேல் ஏறி வெயிலில் பளிச்சிடுகிறது. பறவைக்கு இதைவிட என்ன தண்டோரா வேண்டும்? படகுக்கு ஒரு மறைப்பு கட்டியாக வேண்டும்.

டிசம்பர் 10

மறைந்திருந்து படமெடுக்கும் பித்து பழசு. இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1900-இல் மாட்டுத்தோலில் ஒரு பொய்க்காளை செய்து, அதன் வயிற்றுக்குள் நின்று பறவைகளைப் படமெடுத்தார்கள். நம் காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் யானை மேலிருந்து எடுத்தார். பல பாகங்களை ஒட்டுப்போட்டுச் சேர்த்த தன் கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். யானைக்கு எனக்கு வசதியில்லை. பிளாஸ்டிக் பைப்புக்கு உண்டு.

டிசம்பர் 14

தண்ணீர் பைப் கனம். கரண்ட் வேலைக்குப் போடும் முக்கால் இஞ்ச் பைப் இலேசு, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். பத்தடி நீளத்தில் ஆறு, எல்போ எட்டு, டீ ஆறு வாங்கினேன். “வீட்டுக்கு ஒயரிங்கா சார்?” என்றார் கடைக்காரர். “படகுக்கு” என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

மொட்டைமாடியில் கயாக்கை வைத்து அளவெடுத்தேன். பத்தடி நீளம், முப்பத்திரண்டு அங்குல அகலம், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. அதில் ஓட்டை போட மனம் வரவில்லை. ஓரத்து வளையங்களில் பட்டையைக் கோத்துச் சட்டத்தை இழுத்துக் கட்டினேன். நான்கு கால், உட்கார்ந்தால் தலை இடிக்காத கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் திருவிழாச் சப்பரம்.

துணிதான் பாடாய்ப் படுத்தியது. சாக்கின் நிறம் பொருத்தம், ஆனால் நனைத்துத் தூக்கினால் தோள்பட்டை இறங்குகிறது. நர்சரிக்காரர்களின் நிழல்வலை இலேசு, ஆனால் அந்தப் பச்சை கழியில் எங்கேயும் கிடையாது. கழியின் நிறம் சேறு. கடைசியில் பழைய வேட்டி இரண்டைக் கொதிக்கும் டீத்தூள் சாற்றில் ஊறப்போட்டேன். காய்ந்ததும் அசல் சேறு. மனைவி எட்டிப் பார்த்து, “டீத்தூள் கிலோ என்ன விலை தெரியுமாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

லென்ஸை வெளியே நீட்டப் பழைய பேன்ட்டின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டித் துணியில் வைத்துத் தைத்தேன். கால் போகும் வழியில் லென்ஸ் போகிறது. நுனியில் நாடாவைச் சுருக்கிவிட்டால் இடைவெளியே இல்லை. இடமும் வலமும் திருப்பினாலும் கூடவே வருகிறது. இத்தனை வேலையிலும் நான் நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்தப் பேன்ட் காலுக்காகத்தான்.

டிசம்பர் 21

“இன்னா சார், தண்ணிப் பந்தல் போட்டுகினு வர்றியா?” என்று வலைக்காரப் பெரியவர் சிரித்தார். பதில் சொல்வதற்குள் பந்தல் காற்றில் அவரைத் தாண்டிப் போய்விட்டது. நாலு பக்கமும் துணி கட்டினால் கயாக் பாய்மரப் படகாகிவிடும் என்பது மொட்டைமாடியில் உறைக்கவில்லை. மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றிக் கட்டினேன். மூங்கில் நின்றது, கயாக் அதைச் சுற்றி வட்டம் போட்டது. உள்ளே புழுக்கம். வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பறவை இல்லை.

“உன்னப் பாத்து ஓடல சார். துணியப் பாத்து ஓடுது” என்றார் பெரியவர், வலையை உதறிக்கொண்டே.

டிசம்பர் 22

கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, நண்பனைப் பக்கத்தில் நிறுத்தி, மார்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தேன். மிதவைச் சட்டை போட்டிருந்தேன். அதுவே வினையானது. அது என்னை மேலே தூக்குகிறது, மேலே இருப்பதோ தலைகீழான கயாக். சுற்றிலும் பைப். ஈர வேட்டி வந்து முகத்தில் அப்பிக்கொண்டது. எந்தப் பக்கம் வழி என்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்த பைப்பை இழுத்தேன், எல்போ கழன்று வந்தது. மூட்டுகளுக்குப் பசை போடச் சோம்பல்பட்டு விட்டிருந்தேன். அந்தச் சோம்பலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நண்பன் கணக்கில் மொத்தம் எட்டு நொடி. ராத்திரி தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 24

கூரையைப் பிரித்தேன். பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் போயிற்று. முன்னால் ஒரு திரை மட்டும் மிச்சம்: இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம், நடுவில் பேன்ட் கால்.

கயாக் என்பதே வடதுருவத்து இனுயிட் வேட்டைக்காரர்களின் தோல் படகு. துப்பாக்கி வந்த பிறகு கிரீன்லாந்துக்காரர்கள் கடல்நாய் வேட்டைக்கு அதன் முன்முனையில் ஒரு வெள்ளைத் துணித் திரை வைத்தார்கள். தாலுதாக் என்று பெயர். வருவது ஏதோ மிதக்கும் பனிக்கட்டி என்று கடல்நாய் ஏமாந்துபோகும். சுற்றி மூடவில்லை, கூரை போடவில்லை. ஏன் இவ்வளவோடு நிறுத்தினார்கள் என்பதை நேற்று முன்தினம் தண்ணீருக்கடியில் நானாக ஊகித்துக்கொண்டேன்.

திரையை வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறேன், முடிச்சே கிடையாது. ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும். துடுப்பையும் நடுவில் கழற்றி ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 5

விடிந்தும் விடியாத நேரம், காற்று இல்லை. பாதித் துடுப்பைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலே வலித்துக்கொண்டு போய், சேற்றுத் திட்டின் ஓரம் மூங்கில் கழியை ஊன்றினேன். இருபது நிமிடம் சும்மா இருந்தேன். நெடுங்கால் உள்ளான்கள், பதினொன்று, மேய்ந்துகொண்டே என் பக்கம் வந்தன. ஒன்று பதினைந்தடிக்குள். சிவந்த காலை அது தூக்கும்போது விரல் நுனியில் ஒரு சொட்டு சேர்ந்து, கால் மறுபடி இறங்குவதற்குள் விழுந்துவிடுகிறது. அந்தச் சொட்டுக்காக நானூறு படம் எடுத்தேன். ஒன்பதில் சொட்டு இருக்கிறது.

மீன்கொத்தி பழைய முளையில்தான் இருந்தது. அறுபதடியில் பறந்தது நாற்பதடியில் பறந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம். முளை எட்டடி உயரம். அங்கிருந்து பார்த்தால் திரைக்குப் பின்னால் தொப்பி போட்ட ஓர் ஆள் முழுசாகத் தெரிவான். கூரை இருந்திருந்தால் மறைந்திருப்பேன். வேண்டாம், அந்தப் படம் இல்லாமலே இருந்துவிடுகிறேன்.

இதைப் பார்த்து யாராவது கட்டப்போவதானால், சரணாலயத் தண்ணீரில் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள், கூடு கட்டியிருக்கும் இடத்துக்கு எந்த மறைப்போடும் போகாதீர்கள். முதல் நாள் கேமராவை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு, கட்டியதை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.