சுவான்சௌ: ஒருநாள் சுற்று

சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிறது சுவான்சௌ. பெயர் ஒத்த குவாங்சோ நகரம் வேறு, இது வேறு. கல்யாண முருங்கை மரங்கள் நிறைந்திருந்ததால் ஊருக்கு 'சித்தோங்' என்றும் ஒரு பெயர் இருந்தது. சீனத்தில் அந்த மரத்தின் பெயர் அதுவே. அரபு வணிகர் வாயில் அது 'ஸைத்தூன்' ஆயிற்று. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் வியந்து எழுதிய துறைமுகம் இதுதான். இங்குள்ள சோங், யுவான் அரசமரபுக் காலச் சின்னங்கள் 22, 2021இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் காலையில் மேற்குத் தெருவிலுள்ள கையுவான் கோயிலில் தொடங்கும். 686இல் தோன்றிய பௌத்தக் கோயில் இது. முன்னே நிற்கும் இரண்டு கற்கோபுரங்களும் 13ஆம் நூற்றாண்டில் கட்டி முடிந்தவை. மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்கு வீரன் ஒருவனின் புடைப்புச் சிற்பம் உண்டு. கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் கூட்டம் கோபுரங்களைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பார்க்க வேண்டியதோ பிரதான மண்டபத்தின் பின்புறம். அங்கே பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கல்தூண்கள். ஒரு வட்டத்துக்குள் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர். இன்னொன்றில் உரலை இழுத்துக்கொண்டு இரு மரங்களுக்கு நடுவே தவழும் கண்ணன். இவ்வூரில் இருந்த இந்துக் கோயில் அழிந்தபின் அதன் கற்களை மிங் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் எடுத்துப் பொருத்தினார்கள். குப்ளாய் கான் ஆண்ட 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் இவ்வூரில் கிடைத்திருக்கிறது. கானின் நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைத் திருமேனியை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. கோபுரங்களுக்குக் கால் மணி போதும். தூண்களுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

அடுத்து சிங்ஜிங் பள்ளிவாசல். 1009இல் எழுந்தது. கருங்கல் வாயில் உயர்ந்து நிற்க, தொழுகை மண்டபம் கூரையின்றி வானம் பார்த்துக் கிடக்கிறது. பக்கத்திலேயே குவான் யூ தெய்வத்தின் கோயில். ஊதுவத்திப் புகை பள்ளிவாசல் பக்கமும் வரும்.

மதிய உணவில் சிப்பியும் முட்டையும் சேர்த்துச் சுட்ட அடை தவறாமல் வரும். கடற்புழுவை வேகவைத்து உறையவிட்ட பண்டமும் வரலாம். பெயரைக் கேட்காமல் சாப்பிட்டவர்களே அதைப் புகழ்கிறார்கள்.

பிற்பகல் ஷுன்பு மீனவர் கிராமம். சிப்பி ஓடுகளைப் பதித்த வீட்டுச் சுவர்கள், கொண்டையைச் சுற்றிப் பூச்சரம் அடுக்கிய பெண்கள். இப்போது வெளியூர்ப் பெண்களும் காசு கொடுத்துப் பூ வைத்துப் படமெடுப்பதால் சந்துகளில் நெரிசல் அதிகம். அடுத்து வரும் கடல்வழி அருங்காட்சியகத்தில் 1974இல் ஹோசூ துறைமுகச் சேற்றிலிருந்து எடுத்த சோங் காலக் கப்பல் இருக்கிறது. அதோடு வாசனைக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன.

கடைசியில் லுவோயாங் பாலம். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தார்கள். பொறுப்பேற்றவர் ஆளுநர் சாய் சியாங். அலை அடிக்கும் கழிமுகத்தில் கல்லைக் கொட்டி அடித்தளமிட்டு, கற்கள் பிரியாமலிருக்க அவற்றின்மேல் சிப்பிகளை வளரவிட்டார்கள். கற்களோடு ஒட்டி வளர்ந்த அந்த ஓடுகளே காரையாகின. கடல்நீர் வற்றும் நேரத்தில் போனால்தான் பாலத்தின் கால்களைப் பார்க்க முடியும்.