இலையில் வெட்டிய அளவு

வேட்டை அம்பு விலங்கை அடித்து வீழ்த்துவதில்லை, அறுத்து வீழ்த்துகிறது. முனைகளில் கப்பி பூட்டிய இன்றைய நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து 26 கிராம் எடையுள்ள அம்பு விநாடிக்கு 91 மீற்றர் வேகத்தில் புறப்பட்டால் அதன் இயக்க ஆற்றல் 107 யூல் அளவில் நிற்கும். 12 போர் துவக்கின் ஒரு வெடியில் இதைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு இருக்கிறது. சன்னம் செய்யும் வேலையை அம்பிடம் கேட்க முடியாது. கூரான அலகு நுரையீரலையோ பெரிய இரத்தக் குழாயையோ வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஆகவே வேட்டைக்கு வில் தேர்வது அம்பின் நுனியில் தொடங்கிப் பின்னோக்கி வரும் வேலை: முதலில் அலகு, பிறகு தண்டு, இறகு, கடைசியில்தான் வில். புதிதாக வாங்க வருபவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார். வில்லின் அழகில் மயங்கிக் காசைக் கொட்டிவிட்டு மிச்சத்தில் அம்பு எடுக்கிறார்.

இலங்கை வேடர்கள் இந்த ஒழுங்கை நன்றாக அறிந்திருந்தார்கள். அதற்கான எழுத்துச் சாட்சியைத் தந்தவர் திருகோணமலைக் கரையில் அகப்பட்ட ஒரு வெள்ளைக்காரர். 1660இல் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம் கரையிறங்கியபோது ரொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். 19 ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்து தப்பியவர், 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்கள் அம்பலகு வாங்கும் முறையைச் சொல்கிறார். ஒரு ஆள் சுமக்கும் அளவு இறைச்சியை இரவில் கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில், வேண்டிய அலகின் வடிவத்தில் வெட்டிய ஒரு இலை இருக்கும். கொல்லன் அந்த அளவுக்கு அடித்து அதே இடத்தில் வைத்தால் இன்னும் இறைச்சி வரும். அடிக்காமல் விட்டால் என்றாவது ஒரு இரவில் அவனுக்கே அம்பு வரும். முகம் பார்க்காத வியாபாரம், ஆனால் அளவில் பிசகு இல்லை. வில்லுக்கும் தண்டுக்கும் நாணுக்கும் காடு போதும். அலகு ஒன்றுக்குத்தான் வேடன் ஊருக்கு வந்தான். அதையும் கொல்லனின் இஷ்டத்துக்கு விடவில்லை.

நிலாவெளி திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 14 கிலோமீற்றரில் இருக்கிறது. வீதிக்குக் கிழக்கே உல்லாச விடுதிகளும் புறாத்தீவுக்குப் போகும் படகுகளும். மேற்கே திரும்பினால் வயலும் பனையும். அந்தப் பக்கத்தில், மண்வெட்டியும் கத்தியும் அடிக்கும் பட்டறை ஒன்றில்தான் அம்பலகு அடிப்பதை நான் பார்த்தேன். அடிக்கச் சொன்னவர் மூதூர்ப் பக்கத்துக் கடலோர வேடர் வழிவந்த பெரியவர். திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் தமிழ் பேசி வாழும் இந்த மக்களைப் பற்றி மானிடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் நூலிலேயே தனிப் பகுதி உண்டு. பெரியவர் கையில் இலை இல்லை. பழைய கலண்டர் மட்டையில் வெட்டிய அளவு இருந்தது.

“என்ன பெரியையா, மீன் குத்தவா?” என்றார் கொல்லர்.

“இல்ல தம்பி, சடங்குக்கு. சடங்குக்கு என்டு மொட்டையா அடிச்சிராத.”

இரும்பு, லொறியின் வில்லுத் தகடு. வாகனத்தைத் தாங்கும் அந்த உருக்குத் தகட்டுக்குத் தமிழில் வில் என்றே பெயர் விழுந்தது பொருத்தம்தான்: வளைந்து திரும்பும் குணம் இரண்டுக்கும் ஒன்று. விரலகலத் துண்டு உலையில் செம்மஞ்சளாகச் சிவந்ததும் கொல்லர் அதை அடைகல்லில் வைத்து, முதலில் வாலை நீட்டினார். தண்டுக்குள் இறங்கும் பகுதி அது. அதன் பிறகே அலகைத் தட்டி இலை வடிவுக்கு அகட்டினார். நடுவில் மெல்லிய முதுகு விட்டு இரு பக்கமும் சரித்தார். மட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மீண்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபோது அலகு கண்ணாடிபோல் இறுகியது. அந்த நிலையில் எலும்பில் பட்டால் உடையும். அதனால் அரத்தால் ஒரு முகத்தைத் தேய்த்து வெளிறாக்கி, உலையின் ஓரத்தில் வைத்து நிறம் பார்த்தார். வைக்கோல் நிறம் ஓடியதும் எடுத்துவிட்டார். நீலம் வரவிட்டால் கூர் நிற்காது. இந்தப் பதம் பார்க்கும் சில விநாடிகளில்தான் அலகின் தரம் தீர்மானமாகிறது. கடையில் பளபளக்கும் அலகு வாங்குபவருக்குக் காண முடியாததும் இதுவே.

இரும்பு வருமுன் இங்கே எலும்பு முனை இருந்தது. களுத்துறை மாவட்டத்தின் பாகியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் 48,000 ஆண்டுகள் வரை பழையவை என்றும், ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்புக்கு அதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று அவை என்றும் 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. எலும்பு துளைக்கும், நன்றாக அறுக்காது. குரங்கும் அணிலும் அடிக்க அது போதும். மரைக்கும் பன்றிக்கும் அகன்ற அலகு வேண்டும். இன்றைய கடை அலகுகளிலும் இதே பாகுபாடு தொடர்கிறது. அசையாத அலகு எலும்பைத் தாங்கும். ஆனால் காற்றைப் பிடிப்பதால் அம்பை விலக்கப் பார்க்கும். பட்டதும் விரியும் அலகு நேராகப் பறக்கும். விரிவதற்கே ஆற்றலில் ஒரு பங்கைச் செலவழிக்கும். இழுவிசை குறைந்த வில் வைத்திருப்பவர் விரியும் அலகை நாடுவது வீண். கையில் மயிர் மழிக்காத அலகு எந்த வகையானாலும் தூணியில் இருக்கக் கூடாது.

தண்டுக்கு வேடர்கள் எடுத்தது விண்ணாங்கு. சிங்களத்தில் வெலங் எனப்படும் மரம். உலர்வலயக் காடுகளில் பரவலாக வளர்வது, இலேசானது, நாரோட்டம் நேரானது. பெரியவர் தண்டை எப்படித் தேர்கிறார் என்று பட்டறை வாசலிலேயே காட்டினார். தண்டை இடது பெருவிரல் நகத்தின்மேல் நிறுத்தி வலக்கையால் சுழற்றினார். கோணல் இருந்தால் நகம் துடிக்கும். துடித்த இடத்தைத் தணலுக்கு மேலே காட்டி, சூடு ஏறியதும் வாயால் கடித்து எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து ஆறவிட்டார். மூன்று தண்டில் ஒன்று இதிலும் நிமிரவில்லை. அதை அடுப்புக்குப் போட்டார்.

நேராக இருந்தால் மட்டும் போதாது, வளையும் அளவும் சரியாக வேண்டும். நாண் விட்டதும் தண்டு முன்னும் பின்னும் நெளிந்தபடியே போகிறது. மரவில்லில் அம்பு பிடியின் ஓரத்தில் இருப்பதால் இந்த நெளிவுதான் அதைப் பிடியைச் சுற்றிப் போக வைக்கிறது. வில்லின் பலத்துக்குத் தண்டு விறைப்பாக இருந்தால் ஒரு பக்கமும், மெத்தனமாக இருந்தால் மறுபக்கமும் விலகும். காபன் தண்டுகளில் அச்சிடப்பட்ட எண்கள் இந்த விறைப்பைத்தான் சொல்கின்றன: 340 எண் தண்டு 400 எண் தண்டைவிட விறைப்பானது. தண்டின் நீளமும் அலகின் எடையும் கூடினால் அதே தண்டு மெத்தனமாகிவிடும். ஆகையால் அலகை முடிவுசெய்யாமல் தண்டு வாங்குவது இருட்டில் அளவெடுப்பது. எடைக்கு ஒரு கீழெல்லை உண்டு. வில்லின் இழுவிசையில் ஒவ்வொரு இறாத்தலுக்கும் அம்பு குறைந்தது 5 கிறெயின் இருக்க வேண்டும். 60 இறாத்தல் வில்லுக்கு 300 கிறெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். வேட்டைக்கு இதைவிடக் கனமான அம்பே நல்லது. வேகம் கொஞ்சம் குறையும், ஊடுருவல் கூடும்.

இறகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மயில் உதிர்த்த சிறகுகளைப் பெரியவர் சேர்த்து வைத்திருந்தார். ஒரே அம்புக்கு ஒரே பக்கத்துச் சிறகின் இறகுகளைத்தான் கட்ட வேண்டும். இடமும் வலமும் கலந்தால் சுழற்சி குழம்பும். கடை அம்பில் பிளாஸ்ரிக் இதழ்கள் வருகின்றன. மழைக்கு அவை மேல். மரவில்லில் பிடியை உரசிப் போகும்போது இறகு மடிந்து கொடுக்கும், பிளாஸ்ரிக் கொடுக்காது.

இனி வில். பெரியவரின் வில் ஆள் உயரத்துக்குக் குறையாதது. ஒரே கம்பைச் சீவி இரு முனைக்கும் ஒடுங்கவிட்ட எளிய வில். மரல் நாரைத் திரித்து நாண். ஆங்கிலேயர் அந்தச் செடிக்கே வில்நாண் சணல் என்று பெயர் வைக்கும் அளவுக்கு நாணுக்குப் பேர்போன நார் அது. புதிதாகச் செய்த வில்லைப் பார்க்கும் முறை ஒன்றுதான்: பிடியைச் சுவர் முளையில் மாட்டி நாணைக் கீழே இழுத்து, எட்ட நின்று வளைவைப் பார்ப்பது. வில்லின் மேல்கையும் கீழ்க்கையும் ஒத்து வளைய வேண்டும். ஒரு இடம் மட்டும் மடங்கினால் அங்கேதான் ஒருநாள் முறியும்.

அதன் இழுவிசையை அளக்கப் பக்கத்து வாடியிலிருந்து மீன் நிறுக்கும் கொக்கித் தராசு வந்தது. தராசின் கொக்கியை நாணில் மாட்டி இழுத்தபோது 65 சென்ரிமீற்றரில் முள் 18 கிலோவில் நின்றது. கிட்டத்தட்ட 40 இறாத்தல். ஆரம்பத்தில் இலேசாக வந்து, இழுக்க இழுக்க ஏறி, முழு இழுவையில் உச்ச பாரம். மரவில் எல்லாம் இப்படித்தான். அதனால் முழுக்க இழுத்தபடி வில்லாளி நெடுநேரம் காத்திருக்க முடியாது. இழுப்பதும் விடுவதும் ஒரே மூச்சு.

காம்பவுண்ட் வில் மாற்றியது இந்த ஒன்றைத்தான். அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹோலெஸ் வில்பர் அலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வில்லின் இரு முனையிலும் நடுவச்சு விலகிய கப்பிகள். அவற்றை இணைக்கும் வடங்கள். இழுவையின் நடுவில் பாரம் உச்சத்துக்குப் போய், கப்பி திரும்பியதும் சட்டென்று விழும். 80 வீதம் விழும் வில்லில் உச்சம் 27 கிலோ என்றாலும் முழு இழுவையில் கையில் நிற்பது 5 கிலோ அளவுதான். மான் தலை திருப்பும் வரை வில்லாளி காத்திருக்கலாம்.

இந்தச் சொகுசுக்கு விலை உண்டு. கப்பிக்கு ஒரு முடிவிடம் இருப்பதால் இழுவை நீளம் ஆளுக்கு ஆள் பொருந்த வேண்டும். இரு கைகளையும் விரித்து, விரல் நுனிக்கு நுனி அளந்து 2.5 ஆல் வகுத்தால் ஏறத்தாழ அந்த நீளம் வரும்: 165 சென்ரிமீற்றர் என்றால் 66. நண்பனின் வில்லை வாங்கிப் பழகுபவர்கள் இங்கேதான் கெடுகிறார்கள். இழுவிசையைத் தேர ஒரு நாற்காலி போதும்: உட்கார்ந்தபடி, வில்லை வானத்துக்குத் தூக்காமல், மெதுவாக நேராக இழுக்க முடிந்தால் அந்தப் பாரம் ஏற்றது. மானுக்கு 40 இறாத்தலும் பன்றிக்கு 50 இறாத்தலும் தாராளம் என்பது வேட்டைக்காரரின் பொதுக்கணக்கு. 70 இழுப்பேன் என்பது பெரும்பாலும் கடையில் மட்டும் நடக்கும் வீரம்.

எத்தனை தூரம் என்பதில் புது வில்லுக்கும் பழைய வில்லுக்கும் நினைக்கும் அளவு இடைவெளி இல்லை. நாண் அதிரும் ஓசை விநாடிக்கு 340 மீற்றரில் போகிறது. அம்பைவிட முன்னதாக மான் காதில் விழும். 30 மீற்றரில் நிற்கும் மானுக்குக் காம்பவுண்ட் அம்பு வந்துசேர ஓசைக்குப் பின் கால் விநாடி இருக்கிறது. விநாடிக்கு 48 மீற்றரில் எய்யும் மரவில்லுக்கு அதே கால் விநாடி 15 மீற்றரில் வந்துவிடுகிறது. மான் குனிந்து பாய அந்தக் கால் விநாடி போதும். ஆக, கப்பியும் வடமும் சேர்ந்து வாங்கித் தந்தது ஒரு 15 மீற்றர். அந்த 15 மீற்றரை வேடன் தவழ்ந்து கடந்தான். குறிபார்த்து எய்வதில் வேடர்கள் அப்படியொன்றும் பெரிய சூரர்கள் அல்ல என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தடம் பார்ப்பதிலும் நெருங்குவதிலும் அவர்களுக்கு ஈடில்லை.

நிலாவெளியில் இப்போது இந்தக் கணக்குக்கு வேலை குறைவு. 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மான் மரை வேட்டைக்கு இடமில்லை. எதிரே கடலில் தெரியும் புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. தம்பானைப் பக்கத்து வேடர்களின் வேட்டைக்காட்டின் பெரும்பகுதி 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவுக்குள் போனது. களவாக வேட்டைக்குப் போகிறவன் வில் எடுப்பதில்லை, வழியில் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்குக் கட்டுகிறான். அதில் மான் மட்டுமல்ல, விறகுக்குப் போன மனிதனும் விழுகிறான். அறுத்து வீழ்த்தும் நேர்த்தி தெரிந்தவரின் அம்பு சடங்குக்குப் போவதும், தெரியாதவனின் துவக்கு காட்டில் கிடப்பதும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

பராமரிப்பு மிச்சம். இந்தக் கரையில் உப்புக் காற்றுதான் முதல் எதிரி. காம்பவுண்ட் வில்லின் அச்சாணிகளுக்கு எண்ணெயும் வடங்களுக்கு மெழுகும் அடிக்கடி போட வேண்டும். அழுத்தும் கருவி இல்லாமல் நாணைக் கழற்ற முடியாது. அம்பில்லாமல் ஒருமுறை இழுத்து விட்டாலே வில்லின் கை வெடிக்கலாம். மரவில்லுக்கு நாணைக் கழற்றி விடுவதே பாதி வைத்தியம். மாரியில் மரம் ஈரம் குடித்து மெத்தனமாகும். கம்பைக் கோடையில் வெட்டி நிழலில் உலர்த்தியிருந்தால் பங்குனியில் பழைய பலம் திரும்பும்.

பெரியவர் நாணை அவிழ்த்துச் சுருட்டி மடியில் செருகினார். புது அலகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அளவுக்கு வெட்டிய கலண்டர் மட்டையிலேயே சுற்றினார். மட்டையைப் பட்டறையில் விட்டுப் போகச் சொன்னார் கொல்லர், அடுத்த முறைக்கு உதவும் என்று. பெரியவர் கொடுக்கவில்லை.