பின்புறம் காட்டும் கண்ணாடி

இயற்கை மனிதனுக்கு அளித்த கண்கள் இரண்டும் முகத்தின் முன்புறத்திலேயே அமைந்துள்ளன. கால்நடையாகச் செல்பவனுக்கு இஃது ஒரு குறையன்று. பின்னே ஓசை கேட்டால் நின்று திரும்பிப் பார்க்க அவனுக்கு அவகாசம் உண்டு. மோட்டார் வண்டி ஓட்டுபவனுக்கோ அந்த அவகாசம் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த ஒரு நொடி தலையைத் திருப்பினாலும் ஆபத்து. பின்னே வருவதை அறியாது வழிவிலகினாலும் ஆபத்து. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று நம்மைக் காப்பது ஒரு சாண் நீளமுள்ள ஒரு கண்ணாடித் துண்டு.

இதன் வரலாறு சுவையானது. 1909-ஆம் ஆண்டில் டாரதி லெவிட் என்னும் ஆங்கில மாது, மோட்டார் ஓட்டும் பெண்களுக்கென ஒரு நூல் எழுதினார். அதில், கைக்கண்ணாடி ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்கும்படியும், வேண்டும்போது அதனை உயர்த்திப் பின்னே வருவதைக் காணும்படியும் அறிவுரை கூறினார். 1911-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த 500 மைல் பந்தயத்தில், ரே ஹரூன் என்பவர் தம் வண்டியிலேயே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு வந்தார். மற்றையோர் பின்னே பார்த்துச் சொல்வதற்கென ஓர் உதவியாளரை உடன் ஏற்றி வந்தனர்; இவரோ தனியே அமர்ந்து ஓட்டி வெற்றி பெற்றார். ஆயினும் செங்கல் பாவிய அந்தப் பாதையில் வண்டி அதிர்ந்த அதிர்ச்சியில், கண்ணாடியில் ஒன்றுமே தெளிவாகத் தெரியவில்லை என்று அவரே பிற்காலத்தில் கூறினார்.

பகலில் இக்கண்ணாடி நமக்கு நண்பன். இரவிலோ சில வேளை பகைவனாகிவிடுகிறது என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன்.

எண்பது வயது கடந்த என் தாயார் திருமங்கலத்தில் வசிக்கிறார். நான் பணிபுரிவது பாளையங்கோட்டையில். இடையே ஏறக்குறைய 140 கிலோமீட்டர். சனிக்கிழமை பிற்பகல் புறப்பட்டுச் சென்று, ஞாயிறு இரவு உணவை அவருடன் அருந்திவிட்டுத் திரும்புவதே என் வழக்கம். "இருட்டிலே வண்டி ஓட்டாதே, ஊர் போய்ச் சேர்ந்தவுடன் சொல்" என்று அவர் வாரந்தோறும் கூறுவார். ஆயினும் மாலையிலேயே புறப்பட்டால் அவருடைய முகம் வாடிவிடும். ஆகவே இருட்டிலேதான் வண்டி ஓட்டவேண்டியிருக்கிறது.

ஓர் இரவு, சாத்தூரைக் கடந்து வருகையில், எங்கள் பின்னே நெருங்கி வந்த ஒரு பேருந்து தன் விளக்குகளைத் தாழ்த்தவேயில்லை. கண்ணாடி முழுவதும் ஒரே வெள்ளொளி. பேருந்து முந்திச் சென்ற பின்னரும் அந்த ஒளியின் சாயல் கண்ணைவிட்டு நீங்கவில்லை. அவ்வேளையில் அருகே இருந்த என் மனைவி, "என்னங்க, முன்னால் சைக்கிள்!" என்று கூவினாள். விளக்கில்லாத சைக்கிளில் ஒரு முதியவர், பின்னே ஒரு புல்லுக்கட்டுடன், சாலையோரம் மெல்லச் சென்றுகொண்டிருந்தார். வண்டியை விலக்கிக் கடந்தோம். அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கைகளோ கோவில்பட்டி வரையிலும் நடுங்கிக்கொண்டிருந்தன. வயது ஏற ஏற, கூசிய கண் தெளிவதற்கு அதிக நேரம் ஆகிறது. இளமையில் பொருட்படுத்தாத ஒளி, ஐம்பதைக் கடந்தவனுக்கு ஓர் இடையூறு.

சாதாரணக் கண்ணாடியிலும் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு என்பதை வண்டி ஓட்டுவோர் அறிவர். கண்ணாடியின் அடியில் உள்ள சிறு நெம்பை இழுத்தால் பிம்பம் மங்கும். அக்கண்ணாடி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் ஆப்புப்போல் அமைந்தது. நெம்பை இழுத்ததும் பின்புறத்துப் பூச்சிலிருந்து வரும் ஒளி கூரையை நோக்கிச் சென்றுவிட, கண்ணாடியின் மேற்பரப்பு பிரதிபலிக்கும் நூற்றில் நான்கு பங்கு ஒளி மட்டுமே கண்ணுக்கு வருகிறது. இது நல்ல உபாயமே. ஆனால் மங்கலாக்கியபடியே விட்டுவிட்டால், விளக்கு மங்கிய வண்டி பின்னே வருவது தெரியாது. வண்டிக்கு வண்டி மாற்றுவதென்றால், கை சக்கரத்தை விட்டு நீங்கவேண்டும். கண் கூசிய பின்னரே கை எழும் என்பதையும் எண்ணவேண்டும்.

ஆகவே மின்சாரத்தால் தானே மங்கும் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். அமெரிக்காவில் ஜென்டெக்ஸ் என்னும் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட முறை இது. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு கூழ் அடைக்கப்பட்டுள்ளது. மின்சாரம் பாய்ந்தால் அது கருமை கொள்ளும், நின்றால் தெளியும். முன்நோக்கிய உணர்கருவி ஒன்று வெளியே இரவா பகலா என்று அறிகிறது. பின்நோக்கிய மற்றொன்று பின்னே வரும் ஒளியை அளக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, எவ்வளவு கூசுமோ அவ்வளவுக்கே கண்ணாடி இருள்கிறது.

எங்கள் ஊரில் மோட்டார் மின்வேலையில் நெடுநாள் பழகிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். பழைய கண்ணாடியைக் கழற்றுவதும், முன்கண்ணாடியில் ஒட்டியுள்ள உலோகக் குமிழில் புதியதைச் செருகித் திருகு முடுக்குவதும் ஐந்து நிமிஷ வேலை. திருகை அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் முன்கண்ணாடியே விரிந்துவிடும் என்பதால், அவர் விரல் நுனியாலேயே முடுக்கினார்.

"அண்ணாச்சி, அவ்வளவுதானா?" என்றேன்.

"மாட்டுவது வேலையே இல்லை, ஐயா. வயர் கொண்டுபோவதுதான் வேலை" என்றார் அவர்.

அவர் கூறியதன் பொருள் பிறகே எனக்கு விளங்கியது. கண்ணாடியிலிருந்து புறப்படும் கம்பி, கூரையின் உட்துணிக்குள் நுழைந்து, ஓரத்துத் தூண் வழியே இறங்கி, ஃபியூஸ் பெட்டியை அடையவேண்டும். அந்தத் தூணுக்குள்ளும் கூரையின் ஓரத்திலும், விபத்தில் விரிந்து தலையைக் காக்கும் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டுள்ளது. அது கண் இமைக்கும் நேரத்திற்குள் விரிவது. அதன் முன்னே ஒரு கம்பி குறுக்கிட்டால், பை விரிவதற்கே தடையாகலாம். பெரியவர் முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, காற்றுப்பையின் கருவியில் தங்கிய மின்சாரம் வடியும்வரை சிறிது நேரம் காத்திருந்தார். பின் தூணின் மூடியைத் திறந்து, பையின் பின்புறமாகவே கம்பியைச் செலுத்தி, பழைய கம்பிக்கற்றையோடு சேர்த்துக் கட்டினார். மஞ்சள் நிற இணைப்புகளின் பக்கம் அவர் கை போகவேயில்லை; அவை காற்றுப்பைக்கு உரியவை.

"நீங்கள் கண்ணைக் காப்பாற்ற வந்தீர்கள், நான் தலையையும் காப்பாற்றித் தரவேண்டுமே, ஐயா" என்றார்.

ஃபியூஸ் பெட்டியிலும் அவர் அவசரப்படவில்லை. பாட்டரியை மீண்டும் இணைத்து, சோதனை விளக்கைக் கையில் கொண்டு, சாவியைத் திருப்பினால் உயிர்பெற்று, திருப்பாதபோது அடங்கும் இடத்தைத் தேடிக் கண்டார். எப்போதும் மின்சாரம் உள்ள இடத்தில் இணைத்தால், வண்டி நிற்கும் நாட்களில் பாட்டரி மெல்ல வடியும். அங்கே தனி ஃபியூஸ் ஒன்று வைத்து இணைத்தார். எர்த் கம்பியை வண்டியின் இரும்பில் பொருத்தினார். மூன்றாவது கம்பி பின்செலுத்தும் விளக்கோடு சேர்ந்தது. வண்டியைப் பின்னே எடுக்கும்போது கண்ணாடி இருண்டுவிடாமல் தெளிந்திருப்பதற்காக அது. முடிவில் முன்புற உணர்கருவியைத் துணியால் மூடி, பின்புறத்தில் கைவிளக்கைக் காட்டினார். சில நொடிகளில் கண்ணாடி நீலம் பாய்ந்து மெல்ல இருண்டது. விளக்கை அணைத்ததும் தெளிந்தது. செய்த வேலையில் ஒரு துளியும் வெளியே தெரியவில்லை. சிறந்த வேலைக்கு அதுவே அடையாளம் போலும்.

இப்போது என் இரவுப் பிரயாணங்கள் எளிதாயின. எனினும் இக்கண்ணாடி வந்த பிறகு என் உள்ளத்தில் ஓர் எண்ணம் உறுத்துகிறது. இஃது என் கண்ணை மட்டுமே காக்கிறது. எனக்கு முன்னே செல்லும் இருசக்கர வண்டிக்காரனிடம் இத்தகைய கண்ணாடி இல்லை. எதிரே வருபவனுக்கோ எந்தக் கண்ணாடியும் உதவாது. அவர்கள் கண் கூசுவதும் கூசாமல் இருப்பதும் என் இடக்கை விரலின் செயல். விளக்கைத் தாழ்த்தும் அந்த நெம்பு எல்லா வண்டிகளிலும் உண்டு. அதற்குத் தனிவிலை இல்லை. கம்பி இழுக்கவேண்டிய வேலையும் இல்லை.

வண்டி ஓட்டப் பழகும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: வசதியுள்ளோர் இக்கண்ணாடியை வாங்குக, தக்கவர் கையால் பொருத்துக, காற்றுப்பையின் வழியை மறியாதிருக்க. ஆனால் அடுத்தவன் வண்டியிலும் ஒரு கண்ணாடி உண்டு என்பதையும், அதில் தெரிவது நம் விளக்கே என்பதையும், அந்த ஒளி மறைக்கும் இருளில் விளக்கில்லாத ஒரு சைக்கிள் சென்றுகொண்டிருக்கலாம் என்பதையும் மறவாதிருப்போமாக.