ஐந்தரை மில்லிமீட்டர்

பெரிய பொருளைக் கண்டு வியவாதார் இல்லை. அப்பெரும்பொருளை உறுப்புக் குறையாமல் உள்ளங்கை அளவிற் செய்து காட்டுவதோ வேறொரு கலை. அங்கே தோற்றம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. அளவும் ஒத்திருத்தல் வேண்டும். பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேற்றுமை இதுவே. பொம்மை குழந்தையின் கண்ணை நிறைவித்தால் போதும். மாதிரியோ அளவுகோலுக்கும் விடை சொல்ல வேண்டும்.

சேலம் நகருக்கு வடபால், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை நோக்கி அமைந்த ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. அவ்வூரில் முதியவர் ஒருவர் வாழ்ந்து வருகின்றார். அவர் நாற்பது ஆண்டுகள் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்து பிழைத்தவர். வெள்ளியைக் கம்பியச்சில் இழுத்து நூல்போல் மெலிதாக்குவதும், வளையத்தோடு வளையத்தைக் கோத்து வெண்காரமிட்டுப் பற்றாசு வைப்பதும் அவருக்குக் கைவந்த தொழில். முதுமையில் கை சற்றே நடுங்கத் தொடங்கியது. வெள்ளி வேலையில் நடுக்கம் நட்டமாகும். ஆகவே பட்டறையை விட்டு வீட்டோடு இருந்தார். ஆயினும் குறடும் அரமும் சாமணமும் அவரை விட்டு நீங்கவில்லை.

அவருக்கு இளமைக்கால ஆசை ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை 1862-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. சேலம் அப்பாதையில் உள்ள ஊர். சிறுவனாக இருந்த காலத்தில் அவர் சேலம் சந்திப்பில் நின்று, நீண்ட சரக்கு வண்டிகளை இழுத்து வரும் கரிய நீராவி எஞ்சின்களைக் கண்டு மகிழ்ந்ததுண்டு. அவற்றுள் டபிள்யூ.ஜி. என்னும் வகை அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. மேற்கு வங்காளத்திலுள்ள சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950-ஆம் ஆண்டு உருவான முதல் எஞ்சின் அவ்வகையைச் சேர்ந்ததே. அத்தொழிற்சாலை 1972-ஆம் ஆண்டோடு நீராவி எஞ்சின் செய்வதை நிறுத்திக்கொண்டது. பின்னர் அவ்வெஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பாதையை விட்டு மறைந்தன. மறைந்த அந்த எஞ்சினைத் தம் கையால் சிறிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்பதே முதியவரின் ஆசை.

ஓரடியை 4 மில்லிமீட்டராகச் சுருக்குவது என்று அவர் வகுத்துக்கொண்டார். அஃதாவது, உண்மைப் பொருளில் ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. டபிள்யூ.ஜி. எஞ்சினை ஓட்டும் பெருஞ்சக்கரத்தின் விட்டம் 5 அடி 1½ அங்குலம். மாதிரியில் அது 20½ மில்லிமீட்டர் ஆகும். அச்சக்கரங்கள் பக்கத்துக்கு நான்காக எட்டு. அவற்றின் முன்னே இரண்டு, பின்னே இரண்டு சிறு சக்கரங்கள்.

மெல்லிய பித்தளைத் தகட்டை வரைபடத்தின்படி அறுத்தார். குழாயைச் சுற்றி வளைத்துக் கொதிகலன் ஆக்கினார். வெள்ளிப் பற்றாசுக்கு மிகுந்த வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். ஆதலின் ஈயமும் வெள்ளீயமும் கலந்து, குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசைக் கையாளக் கற்றுக்கொண்டார். கொலுசுக் கம்பியே கைப்பிடிக் கம்பியாயிற்று. உள்ளே வைப்பதற்கு அயல்நாட்டில் செய்த விளையாட்டு எஞ்சின் ஒன்றை வாங்கி, அதன் மோட்டாரையும் சக்கரங்களையும் அடிச்சட்டத்தோடு எடுத்துப் பொருத்தினார். எட்டு மாதங்களில் வேலை முடிந்தது. கரு வண்ணம் பூசி முற்றத்துத் திண்ணையில் வைத்தபோது, கண்டவர் அனைவரும் பாராட்டினர்.

அவருடைய பேரன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். வகுப்பில் விகிதக் கணக்குப் பயின்றிருந்தான். ஒருநாள் மாலை அவன் எஞ்சினைக் கவிழ்த்து, சக்கரங்கள் நிற்கும் பாதையின் அகலத்தை வெர்னியர் அளவியால் அளந்தான். அது 16½ மில்லிமீட்டர் இருந்தது. சேலத்தின் வழியே செல்லும் அகலப்பாதையின் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தொலைவு 5 அடி 6 அங்குலம். ஐந்தரையை நான்கால் பெருக்கினால் இருபத்திரண்டு. மாதிரியில் ஐந்தரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது! உண்மைப் பாதையில் அது 1 அடி 4½ அங்குலக் குறைவாகும். தாத்தாவின் எஞ்சின் எந்தப் பாதையிலும் ஓடாத எஞ்சினாக, அகன்ற உடலைக் குறுகிய காலின்மேல் தாங்கி நின்றது.

சிறுவன் திகைத்தான். தாத்தாவின் கை நடுக்கம் எட்டு மாதங்களில் மிகுந்திருந்ததை அவன் அறிவான். மீண்டும் பிரித்துச் செய்வது அவரால் ஆகுமா? சொல்லாமல் விட்டால் அவர் மகிழ்ச்சி குறையாது. சொன்னால் உண்மை குறையாது. இரண்டு நாள் வாய் திறவாமல் இருந்தான். மூன்றாம் நாள் தாத்தாவே கேட்டார்.

“கண்ணு, இரண்டு நாளாக நீ எஞ்சினைத் தொடவே இல்லையே, ஏன்?”

“தாத்தா, சக்கரங்கள் நெருங்கி நிற்கின்றன. இருபத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினாறரைதான் இருக்கிறது” என்று தலை குனிந்தவாறே கூறினான்.

முதியவர் அளவியை வாங்கித் தாமே அளந்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

இப்பிழை அவருடைய பிழை மட்டும் அன்று. உலகெங்கும் கடைகளில் விற்கும் சிறு எஞ்சின்களுள் பெரும்பாலானவை 16½ மில்லிமீட்டர் பாதைக்கெனச் செய்யப்படுபவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக வழங்கும் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். ஓரடிக்கு 3½ மில்லிமீட்டர் என்று சுருக்கினால் அது ஏறத்தாழ 16½ ஆகும், அளவு பொருந்தும். ஆனால் இங்கிலாந்தில் எஞ்சினின் உடலை ஓரடிக்கு 4 மில்லிமீட்டராக வளர்த்துவிட்டுப் பாதையை மட்டும் பழைய 16½-இலேயே நிறுத்திக்கொண்டனர். கணக்கின்படி அங்கே 18.83 மில்லிமீட்டர் வேண்டும். பல்லாயிரம் பேர் அக்குறையைப் பொருட்படுத்தவில்லை. சிலரோ உள்ளம் அமையாமல், வாங்கிய எஞ்சின்களைப் பிரித்து, அச்சை நீட்டி, சக்கரத்தின் தடித்த விளிம்பை மெலிவித்து, உண்மை அளவுக்கு மாற்றினர். 1960-களில் 18.83 மில்லிமீட்டருக்கே முறையான இலக்கணம் வகுத்தனர். ஓரடிக்கு 2 மில்லிமீட்டர் என்னும் மிகச் சிறிய அளவில் 9.42 மில்லிமீட்டர் பாதையமைத்து உழைப்பவர்களும் உளர். இந்தியாவிலும் இக்கலையின்மேல் பற்றுடையோர் இருந்திருக்கின்றனர். புனே நகரத்துக் கோத்ரூட் பகுதியில், பாவ் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆர்வத்தின் பயனாகச் சிற்றிருப்புப்பாதைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். அது 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

அண்டை வீட்டுக்காரர் செய்தி அறிந்து வந்தார். “ஐந்தரை மில்லிமீட்டரை யார் ஐயா அளக்கப் போகிறார்கள்? இருப்பது இருக்கட்டும்” என்றார்.

“கொலுசின் உள்வளையத்தில் பற்றாசு சரியாக ஓடியதா என்று வாங்குபவர் பார்ப்பதில்லை. வைத்தவனுக்குத் தெரியும். அதுபோல இதுவும் இனி எனக்குத் தெரிந்துவிட்டது” என்றார் முதியவர். பிறகு பேரனை நோக்கி, “என் கண் இருக்கிறது, கைதான் நிற்கவில்லை. உன் கையைக் கொடுப்பாயா?” என்று கேட்டார். சிறுவன் அருகில் வந்து அமர்ந்தான்.

அன்று முதல் இருவரும் சேர்ந்து உழைத்தனர். பழைய அடிச்சட்டத்தைக் கழற்றிவிட்டு, இரு பித்தளைப் பட்டைகளை அகலமாக நிறுத்திப் புதிய சட்டம் சமைத்தனர். அச்சுக்கெனக் கடைசல் பட்டறையில் எஃகுக் கம்பிகளை அளவாகக் கடைந்து வாங்கினர். எட்டுச் சக்கரங்களை விறைப்பாகப் பொருத்தினால் பாதையின் சிறு மேடுபள்ளத்திலும் ஒரு சக்கரம் தூக்கி நிற்கும். நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. இவ்வுண்மையைக் கொண்டு, பின்னச்சை மட்டும் நிலையாக வைத்து, ஏனைய அச்சுகள் சிறிதளவு ஏறி இறங்குமாறு நடுவே நெம்புத் தண்டுகள் அமைத்தனர். எஞ்சினின் எடை மூன்று புள்ளிகளில் நின்றது.

எடையும் ஒரு கணக்கைக் கற்பித்தது. நீளம் 76-இல் ஒரு பங்காகக் குறையும்போது, கன அளவு 76-ஐ மும்முறை பெருக்கிய தொகையாகிய 4,38,976-இல் ஒரு பங்காகக் குறைகின்றது. ஆகவே 100 டன் எடையுள்ள எஞ்சின் இவ்வளவில் 228 கிராமாகிவிடும். அத்துணை இலேசான எஞ்சின் தண்டவாளத்தைப் பற்றாமல் வழுக்கும். அதனால் கொதிகலனுக்குள் ஈயக்கட்டி வைத்தனர்.

எல்லாவற்றினும் கடினமானது சக்கரங்களைக் கால்வட்டத்தில் நிறுத்துவது. எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சக்கரங்களை ஓர் இணைப்புத் தண்டு சேர்க்கின்றது. ஒரு பக்கத்துத் தண்டு சக்கரத்தின் மையத்தோடு நேர்கோட்டில் நின்று தள்ள மாட்டாத நொடியில், மறுபக்கத்துத் தண்டு தள்ள வேண்டும். அதற்காக இரு பக்கத்துத் தண்டின் காம்புகளும் ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளி நிற்கும். நான்கு அச்சுகளிலும் இக்கோணம் மயிரளவும் மாறாது ஒத்திருத்தல் வேண்டும், ஓர் அச்சு மாறினும் தண்டு இறுகும், எஞ்சின் நொண்டும். முதியவரின் கை இவ்வேலைக்கு உதவவில்லை. அவர் பார்த்துச் சொன்னார். சிறுவன் சக்கரத்தை அழுத்தினான். முதன்முறை நொண்டியது. இரண்டாம் முறையும் நொண்டியது. சிறுவன் சலித்து எழ முயன்றான். “கொலுசு கற்ற முதலாண்டில் நான் கெடுத்த வெள்ளியை இன்னும் மறக்கவில்லை. உட்கார்” என்றார் முதியவர். ஐந்தாம் முறை சக்கரங்கள் தடையின்றிச் சுழன்றன.

இருபத்திரண்டு மில்லிமீட்டர் பாதை கடைகளில் கிடைக்கவில்லை. செம்பு பூசிய பலகையைச் சிறு கட்டைகளாக அறுத்து, அவற்றின்மேல் தண்டவாளங்களைப் பற்றாசு வைத்து இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பாதை அமைத்தனர். மின்சாரம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குப் பாயாதிருக்க, ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செம்பை அரத்தால் நீக்கினர்.

பாதை முடிந்த நாளில் எஞ்சின் ஓடியது. முதல் இணைப்பிலேயே தடம் புரண்டு சாய்ந்தது. சிறுவன் கண் கலங்கினான். முதியவர் குனிந்து, தண்டவாள முனையில் பற்றாசு ஒரு கடுகளவு திரண்டிருப்பதைக் காட்டினார். சிறுவன் அதை அரத்தால் தேய்த்தான். மறுமுறை எஞ்சின் மெல்ல நகர்ந்தது. இணைப்புத் தண்டுகள் ஏறி இறங்கின. எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்தைப் பற்றிச் சென்றன. பாதையின் மறுகோடியில் அது தானாக நின்றது போல் மெதுவாக நின்றது.

அண்டை வீட்டுக்காரரும் வந்திருந்தார். “முன்னைக்கும் இப்போதைக்கும் எனக்கு வேற்றுமை தெரியவில்லையே!” என்றார். பின்பு சற்றுக் குனிந்து முன்புறமாகப் பார்த்தவர், “இல்லை, இப்போது நன்றாகக் கால் ஊன்றி நிற்கிறது” என்றார்.

முதியவர் சிரித்தார். கழற்றி வைத்த பழைய அடிச்சட்டத்தைப் பேரன் குப்பையில் இடப் போனபோது அவர் தடுத்தார். “அதை எறியாதே. எட்டு மாத உழைப்பு அதில் இருக்கிறது. அதில்லாமல் இது இல்லை” என்றார். சிறுவன் அதனைத் துடைத்து, ஒரு சிறு பெட்டியில் வைத்தான். பெட்டியின் மேல் தாளொட்டி, ‘16½’ என்று எழுதினான். பிறகு அளவியை எடுத்து, ஓடி நின்ற எஞ்சினின்கீழ் உள்ள பாதையைத் தாத்தாவின் கண்முன்னே மீண்டும் ஒருமுறை அளந்து காட்டினான். இருபத்திரண்டு இருந்தது.