கொத்தவரங்காயும் குளிகையும்

மனிதன் தன் உணவிலிருந்து ஒரு பொருளைக் கழித்தெறிந்துவிட்டு, பின்னர் அதனையே விலைகொடுத்து வாங்கி விழுங்குவானாயின், அது நகைப்பிற்கு இடமன்றோ? தவிடு நீக்கிய அரிசிச் சோற்றையும், பிரெஞ்சுக்காரர் எங்கள் புதுச்சேரியில் பழக்கிச் சென்ற வெள்ளை ரொட்டியையும் விரும்பி உண்கின்றோம். அவற்றில் குறைந்துபோன நாரைப் பொடியாகவும் குளிகையாகவும் மருந்துக் கடைகளில் தேடுகின்றோம். எனினும் நகைத்து விடுதற்குரிய செய்தியன்று இது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரிப் பெண்களில் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மிகை எடையுடையோர்.

சென்ற ஆண்டு என் தமக்கையைப் பெண் பார்க்க வந்தோர், அவள் சற்றே பருத்தவள் என்று சொல்லிப் போயினர். அன்றுமுதல் அவள் இரவுணவை விடுத்து, நார்ப்பொடியைச் சிறிது நீரில் கரைத்துக் குடிக்கலானாள். வயிறு உப்பிற்று, முகம் வாடிற்று, வீட்டில் அவள் சிரிப்பொலி அருகிற்று. அவள் பொருட்டு நான் தேடிப் படித்தவற்றுள் சில கூறுவேன்.

நார் என்பது சிறுகுடலில் செரியாத தாவரப் பகுதி. அதில் ஒருவகை, நீரை உறிஞ்சிக் கூழாகி, வயிறு நிறைந்த உணர்வைத் தரும். குஜராத்தில் விளையும் இசப்புக்கோல் விதையின் உமி இத்தகையது. மலச்சிக்கலுக்கு அது நன்மருந்தே. கொத்தவரை விதையினின்று எடுக்கும் பசையும் இவ்வினத்ததே. அப்பசையாலான குளிகைகளை அமெரிக்காவில் ‘கால்-பான் 3000’ என்னும் பெயரால், எடை குறைக்கும் மருந்தென விற்றனர். உண்டோர் சிலருடைய உணவுக்குழலிலேயே அது நீரேற்றுப் பருத்து வழியை அடைத்தது. 1990-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. கொத்தவரைப் பசையால் எடை குறைவதில்லையென்று 2001-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்றும் முடிவு கூறிற்று.

காய் செய்யாத தீங்கைக் குளிகை செய்வானேன்? காயை மென்று உண்கின்றோம். அதனுள்ளேயே நீர் உண்டு. தட்டில் அது சோற்றின் இடத்தையும் சிறிது பற்றிக்கொள்ளும். குளிகையிலோ உலர்ந்த பசையே செறிந்துள்ளது. போதிய நீரின்றி விழுங்கின் இடரே. வளர்ந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் கொள்ளவேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியபோதும், உணவில் இயல்பாயமைந்த நாரையே குறித்தது. நம் திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றையும் கூறாது, அளவறிந்து உண்ணுதலையே வற்புறுத்தினார்.

இவற்றையெல்லாம் தமக்கைக்குப் படித்துக் காட்டினேன். மருத்துவரும் அவ்வாறே கூறவே, அவள் பொடியை விடுத்தாள். இப்பொழுது குபேர் அங்காடியின் கொத்தவரங்காயும் முருங்கைக்கீரையும் எங்கள் வீட்டில் நாள்தோறும் வேகின்றன. இரவில் அவளும் எங்களோடு அமர்ந்து உண்கின்றாள்.

நண்பர்காள்! எடை குறைக்க விழைவோர் முதலில் மருத்துவரை நாடுக. தட்டில் சோற்றைச் சுருக்கிக் காயைப் பெருக்குக. நாள்தோறும் நடந்து பழகுக. பெண் பார்க்கச் செல்வோரும், உண்டுவந்த வீட்டிலே ஒரு சொல்லைக் குறைத்து வருவாராயின், அதுவும் பெரியதோர் மருந்தாகும்.